கரகரப்புக்குப் போட்ட மதிப்பெண்

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் கிடைத்ததைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வாரம் அடுப்பு, ஜன்னல் கம்பி, என் செருப்பு வரைக்கும் எல்லாம் பளபளத்தன. "டீச்சர் எதையோ முடிவு பண்ணப் போறா. பேசாம ஓரமா நில்லு" என்று அண்ணன் என் காதில் கிசுகிசுத்தான்.

அண்ணி ஒரு கல்லூரியில் இசை வரலாறு நடத்துகிறாள். மூன்று வருஷப் பட்டப்படிப்பு. அதே கல்லூரி நூலகத்தில் இசைத்தட்டு அறை ஒன்று உண்டு. அதைத் திறந்து மூடி, தட்டுகளைத் துடைத்துக் கொடுத்து வாங்குவது என் வேலை. அண்ணன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். மூன்று பேருமே வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அண்ணிக்கு வேலை இருக்கிறவரைதான் அவளுக்கும் அண்ணனுக்கும் இந்த நாட்டில் இருக்க அனுமதி. அவர்கள் போய்விட்டால் நான் மட்டும் இங்கே யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது? இதைக் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தரம் நினைப்பேன், படுக்கும்போது ஒரு தரம் நினைப்பேன். வீட்டில் எனக்குப் பெயரே ‘கவலை’தான்.

அந்த வருஷம் என் பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு சேதி வந்தது. சின்னத் துறைகளைச் சோதிக்க ஆய்வுக் குழு வரப்போகிறது. அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளைகள் மூன்று வருஷத்தில் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள், கற்றுக்கொண்டார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த வருஷம் புதிதாக மாணவர்களைச் சேர்க்க முடியாது. சேர்க்கை நின்றால் அண்ணிக்கு வேலை நிற்கும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

துறைத்தலைவர் கொஞ்சம்கூட அசரவில்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பேசுகிற மனிதர் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘தாளம்’.

"பரீட்சை மார்க்கை எடுத்து நீட்டுவோம்மா. முக்கால்வாசிப் பேர் முதல் வகுப்பு. வேற என்ன வேணும் அவங்களுக்கு?"

"சார், அந்தப் பரீட்சைல நாம என்ன கேக்குறோம்? இவர் எப்பப் பொறந்தார், எப்பச் செத்தார். அதைப் பதிவாளர் ஆபீஸ்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. இதுவரைக்கும் கேக்காத ஒரு இசையைப் போட்டா, இது ஏறக்குறைய எந்தக் காலத்துது, ஏன்னு காதை வெச்சு சொல்லத் தெரியுதா? அதுதானே சார் இந்தப் படிப்பு?"

"தெரியாமலா இருக்கும்? மூணு வருஷமா கேட்டிருக்காங்களே."

"அப்ப பார்த்துடலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைகளையும் முடிக்கப்போகிற மூன்றாம் வருஷப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தாள். யாரும் கேட்டிராத சில துண்டுகள். நான்தான் ஒவ்வொன்றாகப் போட்டேன். படிப்பு உருப்படியாக நடந்திருந்தால் மூன்றாம் வருஷம் முதல் வருஷத்தைத் தூக்கிச் சாப்பிட வேண்டும்.

தூக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. இரண்டு வகுப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தப்பு. அதிலும் ஒரே இடத்தில் தப்பு. ஒரு துண்டு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அதைப் புதியது என்றார்கள். இன்னொன்று அவர்களுடைய தாத்தாக்கள் இளவட்டங்களாக இருந்தபோது எழுதிய நடன இசை. அதை மிகப் பழையது என்று சத்தியம் பண்ணினார்கள்.

விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி அண்ணி படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷத்தில் எப்போதும் முதலாவதாக வருகிற பெண் ஒருத்தி உண்டு. வெயிலடித்தாலும் குடையைக் கீழே வைக்க மாட்டாள், அதனால் ‘குடை’. அவள் அந்த நடன இசைக்கு எழுதியிருந்ததை அண்ணி வாய்விட்டுப் படித்தாள்: "‘இதன் மங்கிய ஒலியமைப்பும் தொன்மையான நெகிழ்ச்சியும் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மரபைத் தெளிவாக உணர்த்துகின்றன.’"

"எவ்வளவு அழகா எழுதியிருக்கா!" என்றான் அண்ணன்.

"ஆமா. மூணு வருஷத்துல நாங்க கத்துக்கொடுத்தது தப்பை அழகா எழுதறதுக்கு."

அடுத்த தாள் முதல் வருஷத்துப் பையன் ஒருவனுடையது. அதே துண்டுக்கு ஒரே வரி: "பழைய பாட்டு. ஏன்னா கரகரன்னு கேக்குது."

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து போய், துடைத்துவைத்த பாத்திரத்தை மறுபடி துடைத்தாள். பிறகு பாத்திரமும் கையுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தத் துண்டை எதிலேருந்து போட்டே?"

"பழைய தட்டுலேருந்து அண்ணி. அது ஒண்ணுதான் இருக்கு."

"முந்நூறு வருஷத்தது?"

"போன வருஷம் வந்த புதுப் பதிவு. கம்ப்யூட்டர்ல."

"கரகரப்பு பாட்டுல இல்லடி. தட்டுல இருக்கு. இந்தப் பையன் அதை வெள்ளந்தியா எழுதிட்டான். மூணாம் வருஷத்துப் பிள்ளைங்க அதையே ‘மங்கிய ஒலியமைப்பு’ன்னு சால்வை போத்தி எழுதியிருக்காங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்கேருந்து வந்துச்சு இது? வரும்போதே கொண்டுவர்றாங்க. அதைத் திருத்தாம வளர்த்தது நான்தான். பழைய காலத்து இசைன்னா உன் அறையிலேருந்து பழைய தட்டை எடுத்துட்டுப் போறேன். புதுசுன்னா கம்ப்யூட்டர்ல போடறேன். மூணு வருஷமும் இதே வழக்கம். பிள்ளைங்க இசையைக் கேக்கல, தட்டைக் கேட்டுக்கிட்டிருந்திருக்காங்க."

நான் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினேன். "அண்ணி, இதை வெளியில சொல்லாதீங்க."

"முதல்ல இது நிஜமான்னு பார்க்கணும்" என்றவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வாணலியை எடுங்க."

மறுநாள் சாயங்காலம் எங்கள் சமையலறை ஒலிப்பதிவுக் கூடமானது. அண்ணன் வாணலியில் எண்ணெய் காயவைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெளித்தான். நான் போனை நீட்டிப் பிடித்தேன்.

"கிட்ட பிடிடி, கவலை!"

"கையில தெறிக்குதுண்ணா."

"கலைக்காக ஒரு கொப்புளம்கூடத் தாங்க மாட்டியா?"

"தீயைக் குறைங்க," என்றாள் அண்ணி, கண்ணை மூடிக் கேட்டபடி. "இது தட்டு ஓடற மாதிரி இல்ல. வீடு பத்திக்கிட்ட மாதிரி இருக்கு."

கடைசியில் நல்ல கரகரப்பு கிடைத்தது. சுத்தமான புதுப் பதிவு ஒன்றின்மேல் அதைத் தூவினோம். மூன்றாம் வருஷ வகுப்பைப் பாதியாகப் பிரித்து இரண்டு அறைகளில் உட்காரவைத்தாள். ஓர் அறைக்கு வெறும் இசை. இன்னொன்றுக்கு அதே இசை, எண்ணெயோடு. முதல் அறை ஏறக்குறைய ஒருமுகமாக ‘சமீபத்தது’ என்றது. இரண்டாம் அறை இருநூறு வருஷம் பின்னால் போனது. ஒருத்தி ‘அந்தக் கால அரண்மனைகளின் சூழல்’ என்றுகூட எழுதியிருந்தாள்.

"நம்ம வாணலிக்கு அரண்மனை யோகம்" என்றான் அண்ணன்.

துறைத்தலைவர் முடிவுகளைப் பார்த்தபோது நான் தட்டுகளைத் திருப்பி வாங்க அந்த அறையில் இருந்தேன். அவர் விரல் முதல்முறையாகத் தட்டாமல் நின்றது.

"இது குழுவுக்குப் போகக் கூடாதும்மா."

"போகணும் சார்."

"உங்களுக்கே உலை வெச்சுக்கறீங்க. சொல்லிக்கொடுத்தது நீங்க."

"அதனாலதான் நான் சொல்லணும்கிறேன். மார்க்கை மட்டும் காட்டினா இந்த வருஷம் தப்பிச்சுடலாம். அடுத்த வருஷமும் அதே பிள்ளைங்க, அதே கரகரப்பு. குழு வர ஒரு பருவம் இருக்கு. அதுக்குள்ள பாடத்தை மாத்தறேன், திரும்பவும் சோதிக்கறேன். ரெண்டு முடிவையும் சேர்த்துக் கொடுப்போம்."

"ரெண்டாவதும் ஊத்திக்கிட்டா?"

"அதையும் கொடுப்போம்."

"என்னவோ பண்ணுங்க. என் தலையை மட்டும் உருட்டாதீங்க" என்றார்.

அண்ணியின் திட்டம் எளிமையானது, அண்ணனுக்குத்தான் கஷ்டமானது. எல்லாக் காலத்து இசையையும் ஒரே பியானோவில், ஒரே அறையில், ஒரே மைக்கில் அவன் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அப்போது தட்டு காட்டிக்கொடுக்காது, கருவி காட்டிக்கொடுக்காது. இசை மட்டும்தான் மிஞ்சும்.

"டீச்சர், நான் சுருதி சேர்க்கிறவன். வாசிக்கிறவன் இல்ல."

"தப்பா வாசிச்சாலும் பரவாயில்லீங்க. எல்லாத்தையும் ஒரே மாதிரி தப்பா வாசிங்க."

தாளம் இதையும் விடவில்லை. "கருவியோட நாதம் போனா பாதி சரித்திரமே போச்சே?" என்றார். நியாயமான கேள்விதான். "முதல்ல எலும்பைத் தொட்டுப் பார்க்கட்டும் சார், சதையை அப்புறம் போர்த்தலாம்" என்றாள் அண்ணி.

வகுப்பில் அவள் கேள்விகளும் மாறின. எந்த வருஷம் என்று கேட்பதை விட்டாள். "இதுல எத்தனை குரல் ஓடுது? எல்லாம் சரிசமமா ஒண்ணையொண்ணு துரத்துதா, இல்ல ஒண்ணு பாட மத்ததெல்லாம் பல்லக்குத் தூக்குதா? கிளம்பின இடத்துக்குத் திரும்பி வருதா, வராமலே நடுத்தெருவுல விட்டுட்டுப் போகுதா?" பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம். ஆனால் எது தடுக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

குடை ஒரு நாள் என் அறைக்குள் புயலாக வந்தாள். அண்ணி அங்கே தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், மூணு வருஷமா தொண்ணூறுக்குக் குறைஞ்சதே இல்ல. இப்ப நாப்பது போடறீங்க. கடைசிப் பருவத்துல வந்து விளையாட்டு விதியை மாத்தினா எப்படி?"

"உக்காரு."

"வேண்டாம் மிஸ்."

"சரி, நின்னே கேளு. உன்மேல தப்பில்ல. நீ கெட்டிக்காரி. நான் எதைக் காட்டினேனோ அதைச் சரியா பிடிச்சுக்கிட்டே. அந்தத் தொண்ணூறுல பாதி, பொறந்த தேதிக்கும் செத்த தேதிக்கும். மீதி, வகுப்புல கரகரப்புக்கு நான் போட்ட மார்க். இந்த நாப்பதுதான் உன் காதுக்குப் போட்டது. இறுதிக் கணக்குல இதைச் சேர்க்க மாட்டேன், பயப்படாதே. ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

குடை போகும்போது கதவை அறையவில்லை. மறுநாள் வந்து, அண்ணன் வாசித்த பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அந்தப் பருவம் முழுக்க அந்த மூலை அவளுடையது. அவள் வாங்கிய பதிவுகளில் அண்ணன் பிசகிய இடங்கள்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

பருவ முடிவில் அண்ணி மறுபடி சோதித்தாள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பாதிக்குச் சற்றுக் கூடுதலான பேர் சரியாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஆனால் எண்ணெய்ச் சத்தம் தூவிய துண்டில் யாரும் அரண்மனைக்குப் போகவில்லை. குடை ஒன்றுக்கு இப்படி எழுதியிருந்தாள்: "தெரியவில்லை. குரல்கள் சமமாக ஓடுவதால் பழையதாக இருக்கலாம். ஆனால் முடிவு வீடு திரும்பவில்லை, அதனால் சந்தேகம். பழைய முறையில் எழுதிய புதியதா?"

அது சமீபத்தில் ஒருவர் வேண்டுமென்றே பழைய பாணியில் எழுதியதுதான். அண்ணி அந்தத் தாளை அண்ணனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு எப்போதும் செய்கிற கிண்டலைச் செய்யவில்லை.

குழு வந்த அன்று இசையைப் போட என்னை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டேன். குழுத் தலைவி கட்டடப் பொறியியல் பேராசிரியை. இரண்டு முடிவுகளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்த துறையெல்லாம் மார்க்கைக் காட்டினாங்க. நீங்க, உங்க படிப்பு வேலை செய்யலைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"ஒரு இடத்துல வேலை செய்யல. விரிசல் எங்கேன்னு கண்டுபிடிச்சிருக்கோம்."

"இப்பவும் பாதிக்குக் கொஞ்சம் மேலதானே?"

"ஒரு பருவத்துக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது. மூணு வருஷம் கொடுத்தா எவ்வளவு முடியும்னு எனக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"தெரியாததை நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்மா. வருஷா வருஷம் வாங்க. நீங்களே ஒரு இசையைக் கொண்டுவாங்க, நாங்க யாரும் கேக்காததா. பிள்ளைங்க முன்னாடி போடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படியா பேசுவார்கள், குழுவிடம்? பக்கத்தில் துறைத்தலைவரின் விரல்கள் மேசையில் மெல்லத் தட்ட ஆரம்பித்தன. பிறகு அவர் யாரும் எதிர்பாராமல் சொன்னார்: "இது எங்க துறை முடிவுதான். அவங்க முடிவு மட்டும் இல்ல."

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சேர்க்கை உண்டு. இடங்கள் பாதியாகக் குறையும். அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் குழுவே இசையைக் கொண்டுவந்து சோதிக்கும். அதன் முடிவைப் பொறுத்து மேற்கொண்டு பார்க்கலாம்.

"ஒரு வருஷம்தானா" என்றேன் நான்.

"ஒரு வருஷம் இருக்குடி" என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் எதையும் தேய்க்கவில்லை.

புது வகுப்பு ஆரம்பித்த நாளில் பெஞ்சுகள் பாதி காலி. அண்ணி மேடையில் ஏறவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்தாள். படிப்பை முடித்துவிட்ட குடை, ஊருக்குப் போகுமுன் ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்து என்னிடம் கொடுத்துவைத்திருந்தாள், மிஸ்ஸுக்கு மட்டும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அதைச் சுழலவிட்டேன். கரகரவென்று ஓடியது.

அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். எழுந்து, குரல்கள் எப்படி ஓடின, முடிவு எங்கே போனது என்று ஒவ்வொன்றாக விளக்கி ஒரு காலத்தைச் சொன்னாள். நான் தட்டின் உறையில் இருந்த வருஷத்தை உரக்கப் படித்தேன். தப்பு. ஐம்பது வருஷம் தள்ளியிருந்தது.

வகுப்பே கைதட்டிக் கூச்சல் போட்டது. அண்ணி கரும்பலகையில் தன் பெயருக்கு எதிரே ஒரு பெரிய பூஜ்யம் போட்டாள். எங்கே சறுக்கினாள் என்பதையும் அதன் கீழே எழுதினாள். பிறகு கையைத் தட்டிச் சுண்ணாம்புத்தூளை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்ததைப் போடு."