விளையாட்டில் கேட்ட ஆண்குரல்

தையல்காரம்மா நூல் மாற்ற மெஷினை நிறுத்தியபோதுதான் பக்கத்து அறையிலிருந்து அந்தக் குரல் காதில் விழுந்தது. மகள் டேப்லெட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். கூட விளையாடுவது தன் வயதுப் பெண் என்றுதான் சொல்லியிருந்தாள். பேசியதோ முற்றிய ஆண்குரல்.

"வீட்ல இப்ப யாரு இருக்கா? அம்மாகிட்ட சொல்லாம ஒரு போட்டோ அனுப்பேன்."

பாய்ந்து டேப்லெட்டைப் பிடுங்கத் தையல்காரம்மாவுக்குக் கை பரபரத்தது. ஆனால் இப்போது கத்தினால், மகள் இனி எல்லாவற்றையும் மறைத்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு போய், மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மாதான் இருக்கேன். என்ன வேணும், சொல்லுங்க."

அந்த ஆள் சட்டென்று விளையாட்டிலிருந்து வெளியேறினான்.

மகளின் முகம் வெளிறியிருந்தது. "திட்டுவியாம்மா?"

"உன்னை ஏன்டி திட்டப்போறேன்? போட்டோ ஏதாவது அனுப்பினியா?"

"இல்லம்மா. ஸ்கூல் பேரு மட்டும் சொல்லிட்டேன்."

இருவருமாக அந்த ஆளைப் பற்றி விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி, அவன் இனி பேச முடியாதபடி தடுத்தார்கள். மறுநாள் தலைமை ஆசிரியையிடமும் சொல்லியாயிற்று. பள்ளி விடும் நேரம், மகளின் கையை இறுகப் பிடித்தபடி வாசலில் நின்ற தையல்காரம்மா, கடந்துபோன ஒவ்வொரு ஆணின் பேச்சையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.