மோட்டார் குரூப்பில் பத்துப் பேர்

பள்ளிக்கூடத்துப் பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவன் கொடுப்பதும் எண்ணித்தான், வாங்குவதும் எண்ணித்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர் குறைந்தால் நம் தலைதான் உருளும். பிள்ளைகள் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரம்பலூர்ப் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிளஸ் டூ வந்த புதுசு. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுக்கும் தொழிற்கல்விப் பிரிவை எங்கள் பள்ளியில் தொடங்கினார்கள். முதல் நாள் பட்டறையில் இருந்தவர்கள்: ஹெட்மாஸ்டர், தொழில் ஆசிரியர் தங்கவேல் சார், நான், பத்துப் பையன்கள், செல்வராணி என்ற ஒரு பெண். பத்துக்குக் கீழே போனால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். மற்றப் பிரிவுகளில் இடம் நிரம்பிவிட்டது. மூடினால் மார்க் குறைந்த இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காட்டு வேலைக்குத்தான் திரும்ப வேண்டும்.

தாய்மாமன்

முதலில் குறைந்தவன் பாலு. ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் அவன் தாய்மாமன் பஸ் ஏறி வந்தார். தன் மகளைப் பாலுவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பையன் பெரிய படிப்புப் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர், அவன் கையில் கிரீஸைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனார்.

தங்கவேல் சார் நாற்காலி போட்டு நிதானமாக விளக்கினார். இந்தப் பக்கம் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்துவிட்டது, கம்பி சுற்றத் தெரிந்தவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்றார். மாமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனாலும் தன் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பிரிவில் இடம் பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பாலுவைக் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்டார்:

“எங்க வூட்டு மோட்டார இவன் வந்து பிரிச்சான்னா, ஊருல மாப்பிள்ளை வந்திருக்காருன்னு சொல்லுவாங்களா, மெக்கானிக் வந்திருக்கான்னு சொல்லுவாங்களா, நீங்களே சொல்லுங்க சார்.”

சந்தனம்

எங்களுக்கு வந்த முதல் மோட்டார் குரும்பலூர் நல்லுசாமியுடையது. வெங்காயம் தண்ணீருக்குக் காய்கிறது, டவுனில் கொடுத்தால் நாளாகும் என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து முடிக்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது.

பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேனர், சுத்தியல், கம்பி சுற்றும் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். மோட்டாருக்கு வெளியே வைத்தால் போதாது என்று ஒரு பையனுக்குத் தோன்றியிருக்கிறது. மூடியைத் திறந்து, கரண்டு ஒயர் மாட்டும் மூன்று முனைகளுக்கும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மறுபடி மூடி வைத்துவிட்டான். சூடம் காட்டி முடித்துத் தங்கவேல் சார் ஸ்விட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம், பியூஸ் போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. சந்தனத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, சாயந்திரம் போட்டபோது மோட்டார் ஒழுங்காக ஓடியது. பூஜைக்கு வந்திருந்த நல்லுசாமி கோபித்துக்கொள்வார் என்று பயந்து நான் ரேக்குக்குப் பின்னால் நின்றேன். நல்லுசாமி மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நாங்க சூடந்தான் காட்டுவோம், உங்க பசங்க மோட்டாருக்குள்ளயே தீவட்டி புடிச்சுட்டாங்க.”

அஞ்சலை

சத்தம் ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் வெடித்ததாகவும் ஒரு பெண்ணுக்குக் கை வெந்துவிட்டதாகவும் ஆகிவிட்டது. லீவு முடிந்த மறுநாளே செல்வராணியின் தாய் அஞ்சலை வந்துவிட்டார். வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர், களைக்கொத்தியை இடுப்பில் செருகியபடியே வந்து நின்றார். மகளின் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். அவள் போனால் ஒன்பது. தங்கவேல் சார் ஆபீசில் இருந்தார். பட்டறையில் பெரியவன் நான் ஒருவன்தான். முன்பின் தெரியாத பெண்களிடம் எனக்குப் பேச்சு வராது. பாதியில் எழுந்தால் கம்பி சிலும்பிப் பாழாகிவிடும், அந்தச் சுற்றை முடித்துவிட்டு வரட்டும் என்று மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னேன். அது உண்மையும்கூட.

அவர் மகளின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலருகே நின்றுகொண்டார். செல்வராணி தலை நிமிராமல் கம்பியை ஒவ்வொன்றாக மோட்டாரின் இரும்புப் பள்ளத்தில் இறக்கி, மூங்கில் சிம்பால் தட்டி அமர்த்திக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்த பிறகு, இந்த வேலையை எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்வார்களா என்று அஞ்சலை கேட்டார். ஆமாம், நிழலில்தான் என்றேன். அவர் கை தன்னால் இடுப்புக்குப் போய் அழுத்திக்கொண்டது. சுற்று முடிந்து செல்வராணி பையைத் தூக்கியபோது அவளை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்:

“குனியாம செய்யற வேலையாத்தான் இருக்குங்க. அவ இருக்கட்டும், நான் போயிட்டு வரேன்.”

ஹெட்மாஸ்டர் கேட்டது பத்து, வருஷக் கடைசியில் நான் எண்ணியதும் பத்து, ஆகவே வாழ்நாளில் முதல்முறையாகக் குறைவு பூஜ்யம் என்று கணக்கு முடித்துவிட்டு நிம்மதியாகப் பட்டறையைப் பூட்டினேன்.