பெட்டியில் போட முடியாத ஆறு

தொண்ணூற்றொன்று பகா எண் என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். தயங்கித் தயங்கி அல்ல, பலகையில் எழுதி அடிக்கோடிட்டு. எந்தப் பிள்ளையும் என்னைத் தடுத்ததில்லை. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பார்த்தாலே எதற்கும் மசியாத எண்ணாகத் தெரிகிறதே என்று நான் நம்பினேன்.

கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஆம்பூரில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஷூ கம்பெனிப் பெண்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். எல்லோரும் பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வர்களாகத் தேர்வு எழுதுகிறவர்கள். அவர்களில் ஒருவர், நாற்பதை நெருங்குபவர், ஆலங்காயம் பக்கத்திலிருந்து வருவார். கம்பெனியில் ஜோடி சேர்க்கிற மேசை அவருடையது. இடதும் வலதும் ஒரே நிறமா, தையல் ஒரே உயரமா என்று பார்த்துத்தான் பெட்டியில் வைப்பார். பத்தாவது தேறினால் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணக்கில் இரண்டு முறை தவறிவிட்டார். அன்று வந்ததுமே என்னிடம் சொல்லிவிட்டார்: இன்றைக்கும் மண்டையில் ஏறவில்லை என்றால் இதுதான் கடைசி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் துணியாவது துவைக்கலாம்.

பாடம் காரணிகள். வரையறையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். யார் முகத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டின் காரணிகள் என்ன என்று கேட்டு அவரைப் பலகைக்கு அழைத்தேன். அவர் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் பன்னிரண்டு என்று எழுதினார். கீழே இரண்டும் ஆறும். அதன் கீழே மூன்றும் நான்கும்.

“ஜோடி ஜோடியாத்தான சார் வருது” என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முப்பத்தாறைக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றுக்கும் எதிரே ஜோடியை நிறுத்தினார். ஆறுக்கு எதிரே இன்னொரு ஆறை எழுதியவர், உடனே அதை விரலால் அழித்தார்.

“ரெண்டும் ஒரே காலு சார். இத பொட்டில போட முடியாது.”

வர்க்க எண்ணுக்கு மட்டும் காரணிகள் ஒற்றைப்படையில் வரும் என்பதை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். அவர் அதை ரிஜெக்ட் செய்தே கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு பகா எண்ணுக்கு என் வரையறை தேவைப்படவில்லை. ஒற்றைக் கால் எதுவும் மிஞ்சாமல் ஒரே ஒரு ஜோடி உள்ளது பகா எண், அவ்வளவுதான். கூடம் முழுக்க ஏழு, பதினொன்று, பத்தொன்பது என்று குரல்கள். அந்த மயக்கத்தில் என் செல்ல எண்ணான தொண்ணூற்றொன்றைப் பலகையில் எழுதி, இதற்கும் ஒரே ஜோடிதான் என்றேன்.

“யாரு பாத்தது சார்?”

அது தெரிந்ததுதான் என்றேன். அவர் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போய் ஏழில் நின்றார். எதிரே பதிமூன்று என்று எழுதினார்.

தையல் பிரிவிலிருந்து வரும் ஓர் அம்மா பின்வரிசையில் மெதுவாகச் சொன்னார்: “இத்தினி நாளு செக் பண்ணாமயே பேக்கிங் போய்ட்டிருந்துதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சற்றுத் தாமதமாகச் சேர்ந்துகொண்டேன். ஆனால் பலகை அருகே நின்றவர் சிரிக்கவில்லை. எதுவரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பதையும் அவரே சொன்னார்: இடப்பக்கத்து எண் வலப்பக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டால் நிறுத்திவிடலாம், அப்புறம் பழைய ஜோடியேதான் கால் மாறி வரும். பாடப்புத்தகம் இதைச் சொல்ல வர்க்கமூலத்தைத் துணைக்கு அழைக்கும். நான் சாக்பீஸை அவர் கையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த வகுப்பு அது.

அடுத்த ஞாயிறு அவர்தான் முதலில் வந்தார். தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினார். சூப்பர்வைசரும் ஆகிவிட்டார். மைசூர்பாகுடன் அவர் வந்த அன்று கூடமே கைதட்டியது. காரணியில் என்ன கேள்வி வந்தது என்று கேட்டேன்.

“அது ஒண்ணுமே வர்ல சார்” என்றார். “வட்டம் வரஞ்சேன், கிராஃப் போட்டேன். அதுதான் காப்பாத்திச்சு. ரெண்டும் எம் பொண்ணு சொல்லிக்குடுத்தது.”