நான்கு துண்டு கம், ரிட்டர்னபிள்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

சூயிங் கம்முக்கு கேட் பாஸ் வழங்கலாம்!

கூட்டத்தில் பங்கேற்றோர்: செக்யூரிட்டி முனுசாமி அண்ணன், அவருடைய ஆபீசர், நான், ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

பின்னணி இது. பதினோரு வருடம் புகைத்தேன். இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் நான்காம் நாள் மதிய இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால், மறுபடி பிடித்தேன். (தீப்பெட்டி எப்படி உள்ளே வந்தது என்று கேட்காதீர்கள்.)

மூன்றாம் முறை தொடங்கும்போது என் மனைவி ரேவதி சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

திட்டுவேன் என்றால் சமாளிக்கலாம். கேட்கவே மாட்டேன் என்பது வேறு.

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரைப் பார்த்தேன். நிக்கோடின் கம் எழுதிக்கொடுத்தார். மூன்று நாள் லீவு போட்டு வீட்டிலேயே மென்றேன். நான்காம் நாள், முதல் ஷிப்ட்.

கேட்டில் சோதனை போட்ட முனுசாமி அண்ணன் கம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"மருந்துண்ணே. சிகரெட்ட விடுறதுக்கு."

"பப்புள்கம் மாரி கீது?"

"கம்தாண்ணே."

அவர் போர்டைக் காட்டினார். தீப்பெட்டி, லைட்டர், சூயிங் கம் ஆகியவற்றுக்குத் தடை. (நாங்கள் கார் சீட் செய்கிறோம். ஒருமுறை யாரோ ஒட்டிய கம் சீட்டோடு வாடிக்கையாளர் வரை போய்விட்டது.)

"சிகரெட்டு வெச்சினுகிறியா?"

"இல்லண்ணே."

"இருந்தா எடுத்துனு போ. அது போர்டுல இல்ல."

அவர் மறுபடி கம் அட்டையைக் கையில் எடுத்தார்.

"இதுல இன்னா கீது?"

"நிக்கோடின்."

"சிகரெட்ல?"

"அதே நிக்கோடின்."

"அப்ப இன்னாத்துக்குபா உட்ற?"

பின்னால் முப்பது பேர் நின்றார்கள். இருந்தாலும் நியாயமான கேள்வி.

"அண்ணே, புகைய இழுத்தா சில நொடியில நிக்கோடின் மூளைக்குப் போயிரும். அங்க அத வாங்குறதுக்குன்னு இடம் இருக்கு. வாங்குனதும் ஒரு சந்தோசம் கெடைக்கும். தெனம் லோடு வர வர, வாங்குறதுக்கு மூளை கூடுதலா ஆள் எடுத்துருது."

"கான்ட்ராக்ட்லயா?"

"ஆமாண்ணே. திடீர்னு லோடு நின்னா, எடுத்த ஆளுக பூராம் கேட்டுல வந்து கத்துவாய்ங்க. கை நடுங்கும், கோவம் வரும், தூக்கம் வராது."

"நோட்டீஸ் குடுக்காம நிறுத்துனா கத்தத்தான்பா செய்வான்."

"அதுக்குத்தான் கம். மெதுவா, கொஞ்சமாத்தான் லோடு வரும். கத்த மாட்டாய்ங்க. அப்படியே ஆளக் கொறச்சு அனுப்பிறலாம்."

அண்ணன் தலையாட்டினார்.

"எங்க ஏஜென்சிலயும் இப்டிதான் ஆள அனுப்ச்சானுங்க" என்றார். பிறகு ஆபீசரைக் கூப்பிட்டார்.

ஆபீசர் டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

"மென்னுருவேன் சார்."

"மெல்லுங்க. நாலு உள்ள போனா நாலு வெளிய வரணும்."

ஸ்டாம்ப் விழுந்தது.

அன்று மதியம் ஒரு மணி. சாம்பார் சாதம் பாதியில் நின்றது. என் மூளையின் கான்ட்ராக்ட் ஆட்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கத்த வந்தார்கள். கேன்டீனின் பின்வாசல் பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. நான் மூன்றாவது கம்மைப் பிரித்தேன். மென்று கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ஒதுக்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும், மென்ற கம்மை மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். முனுசாமி அண்ணன் குனிந்து எண்ணினார்.

"நாலு, சரியா கீது. மூணாவது இன்னா இப்டி நசுங்கிப்போச்சு?"

"அது ஒரு மணிக்குண்ணே."

அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்தில் ஒன்று புரிந்தது. பதினோரு வருடமாக ஒவ்வொரு சிகரெட்டும் எனக்குக் கொடுத்த நிம்மதி, அதற்கு முந்தைய சிகரெட் உண்டாக்கிய பதற்றத்திலிருந்து கிடைத்த நிம்மதி. என் தலையைத் தட்டியதும் அதுவே, தைலம் தேய்த்ததும் அதுவே.

நான்கு மூன்றானது. மூன்று இரண்டானது. என் மூளையில் நடந்த ஆட்குறைப்பு, தேதி வாரியாக செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் இருக்கிறது. (இவ்வளவு ஒழுங்கான மருத்துவப் பதிவு என்னிடம் வேறில்லை.)

போன திங்கட்கிழமை, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, கேட்டில் கையைத் தூக்கி நின்றேன்.

"இன்னிக்கி எத்தினி?"

பையில் கை விட்டுப் பார்த்தேன்.

"எடுத்துட்டு வரலண்ணே."

"வேணாமா, மறந்துட்டியா?"

யோசித்துப் பார்த்தேன்.

"மறந்துட்டேண்ணே!"

அவர் என் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ரேவதி நம்பவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள்.

ரிஜிஸ்டரில் எனக்குக் கீழே இப்போது ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. கேட்டில் கம் எண்ணி முடிக்க நேரமாவதால், வல்லக்கோட்டை வழியாக வரும் கம்பெனி பஸ் நாளை முதல் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படும்.