நான் அழுத்தாத ஹாரன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ராயபுரத்தில், மெயின் ரோட்டிலிருந்து கடலை நோக்கிப் போகும் ஒரு குறுகலான சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். போய்வர ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. யார் யாரிடமோ கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. உதைத்தால் கிளம்பும். கிளம்பாவிட்டால், ஏன் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெரிய கர்வம்.

அந்த வண்டியை நான் மெக்கானிக்கிடம் விட்டதே இல்லை. லைட் மங்கினாலும் பேட்டரி இறங்கினாலும் ஒரு சின்ன பல்பையும் இரண்டு துண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தால், பல்பு எரியாமல் போகும் இடத்தில் கோளாறு இருக்கும். உப்புக் காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்துப்போவதால் ராயபுரத்தில் இந்த வேலைக்குக் குறைவே இருக்காது.

சந்தின் முனை வீட்டில், துறைமுகத்தில் வின்ச் ஓட்டுபவர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் இயந்திரம் அது. பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டார்கள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகும் வியாதி உண்டு. என் வண்டி போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கறை இருக்கும். ஒரு நாள் காலை, குடத்தோடு பலரும் நின்றிருந்த குழாயடியில் அவர் தன் வாசலில் விழுந்திருந்த கறையைக் காட்டி என்னைக் கேட்டார்.

“இன்னா நைனா, வண்டி வச்சிகினு கீறியா, செக்கு வச்சிகினு கீறியா? ஒரு பாட்டிலு வச்சிப் புடிச்சா எங்க வூட்ல எல்லாருக்கும் தலைக்கு ஆவும்.”

குழாயடியே சிரித்தது. என் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெறும் கேலிதான். குடம் நிரம்புவதற்குள் அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அதன் பிறகு அவர் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

கொஞ்ச நாள் கழித்து வண்டியில் ஒரு புதுக் கோளாறு வந்தது. ஹாண்டில்பாரை முழுக்க இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். நேராக்கினால் நின்றுவிடும். பகல் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வருவது வழக்கம். திருவொற்றியூரிலிருந்து வரும்போது எங்கள் சந்து இடது கைப் பக்கம். முனை குறுகல் என்பதால் நன்றாக ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். ஆக, ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும் நேரத்தில், அவர் ஜன்னலுக்கு நேர் கீழே என் ஹாரன் அலறியது.

அன்று மாலையே உட்கார்ந்து பார்த்தேன். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த வண்டியில் பேட்டரி கரண்ட் நேராக ஹாரனுக்குப் போகும். ஹாரனிலிருந்து ஒரு ஒயர் ஹாண்டில்பாரில் இருக்கும் பொத்தானுக்கு வரும். பொத்தானை அழுத்தினால் அந்த ஒயர் வண்டியின் இரும்போடு சேரும், ஹாரன் அடிக்கும். ஹாண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியில் அந்த ஒயரின் உறை காய்ந்து வெடித்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. இடது பக்கம் ஒடிக்கும்போது ஒயர் இழுபட்டு, செம்பு போய் இரும்பைத் தொட்டது. யாரும் அழுத்தாமலே ஹாரன் அடித்தது. கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் முடிந்தது வேலை.

டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது வேலைக்குப் புறப்பட்ட அவர் என் வாசல்வரை நடந்து வந்தார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன.

“மத்தியானத்துல தூங்குறவன் தலைமாட்டுல வந்து ஊதறியே, ஒனுக்கு மூளை கீதா? படிச்சவன்தானே நீ?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். நான் டேப்பைத் திரும்பவும் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தேன். மறந்துபோய் விட்டதல்ல, சோம்பலால் தள்ளிப்போட்டதும் அல்ல. தெரிந்தே மூடினேன்.

மறுநாள் மதியமும் ஹாரன் அலறியது. அதற்கு அடுத்த நாளும் அலறியது. என் கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. நான் அழுத்தவில்லையே, வண்டியின் கோளாறுக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோட்டில் கொஞ்சம் தள்ளிப்போய் அகலமாக எடுத்துத் திரும்பியிருந்தால் சத்தமே வந்திருக்காது. அதைச் செய்யவில்லை. சில நாள் தேவைக்கு மேலேயே ஒடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மாலை அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்காரருக்குப் பகலில் தூக்கமே இல்லை என்றார். ராத்திரி வின்ச்சில் ஒரு நொடி கண் அசந்ததில் தூக்கிய சரக்கு ஆடிவிட்டதாம். கீழே நின்றவர்கள் ஓடித் தப்பித்தார்களாம். மேஸ்திரி கடுமையாக எச்சரித்திருக்கிறார்.

“இன்னொரு தபா அப்டி ஆச்சின்னா வேலையும் பூடும் தம்பி, எவன் உசுராவது கூட பூடும். அந்த முனையில மட்டும் ஊதாம வாயேன்.”

அந்த நிமிடமாவது இழுப்பறையைத் திறந்திருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “ரோடுன்னா வண்டி வரும், வண்டின்னா ஹாரன் அடிக்கத்தான் செய்யும்” என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி என் மனைவி சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஒயர் விஷயம் அவளுக்கும் தெரியாது.

அடுத்த வாரமே அது நடந்தது. மதியம் வழக்கம்போல முனையில் ஒடித்தேன். ஹாரன் அலறியது. ஹாண்டிலை நேராக்கினேன், நிற்கவில்லை. எஞ்சினை அணைத்தேன், அப்போதும் நிற்கவில்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றத்தோடு புகை வந்தது.

ஒரு ஒயரைத் தேய்த்த அதே உரசல், பக்கத்திலிருந்த ஒயரையும் தேய்த்திருந்தது. அது பேட்டரியிலிருந்து நேராக ஹெட்லைட் ஸ்விட்சுக்குப் போகும் ஒயர். இரும்பைத் தொட்டதும் பேட்டரியின் முழு கரண்டும் அதில் பாய்ந்து கம்பி பழுக்கக் காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டில் ஹாரன் ஒயரும் இரும்போடு ஒட்டிக்கொண்டது. அந்த வண்டியில் பியூஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஹாரன் ஒயரை மட்டும் பார்த்தேனே தவிர, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும் என்று மனதுக்குத் தெரிந்தது. கை என்னவோ டூல் பையில் ஸ்பானரைத் துழாவிக்கொண்டே இருந்தது.

முனை வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியோடு அவர் வந்தார். என்னை அடிக்கத்தான் வந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். புகையைப் பார்த்ததும், “தள்ளு நைனா, டேங்கு கீது” என்று என்னை ஒதுக்கிவிட்டு, பேட்டரி மூடியைப் பிய்த்து எறிந்தார். ஒயரை வெறும் கையில் சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஹாரன் நின்றது. புகை மெல்ல அடங்கியது. அவர் வலது உள்ளங்கையில், ஒயர் பதிந்த இடம் வெந்து வெளுத்துப்போயிருந்தது.

கையை உதறிக்கொண்டே குனிந்து பார்த்தார். கழுத்தருகே ஒயர்கள் கருகி ஒட்டிக் கிடந்தன. ஹாண்டிலை இடது பக்கம் திருப்பினார், திரும்ப நேராக்கினார். இயந்திரங்களோடு பழகியவர், புரிந்துகொண்டார். அவர் முகம் மாறியது.

“இது அதுவா அடிச்சிகினு இருந்துருக்குது. எங்க கோளாறுன்னு தெரியாம நீயும் பேஜாராயிருப்ப. வெளிய சொன்னா வெக்கம், படிச்சவனாச்சே. நான் இன்னாடான்னா, நீ வோணும்னே பண்றேன்னு நெனச்சிட்டேன். தப்பா பூட்ச்சி சார். மன்னிச்சிக்கோ.”

என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான், “பரவாயில்லை” என்றேன்.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டு வந்தேன். கை ஆறும்வரை வின்ச் பிடியைப் பிடிக்க முடியாமல் வீட்டில் இருந்தார். நான் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், இந்தக் கட்டு புண்ணியத்தில் பகலும் ராத்திரியும் தூங்குகிறேன் என்று சிரிப்பார். வண்டியின் ஒயர் முழுவதையும் நான் புதிதாக மாற்றினேன், பியூஸும் வைத்தேன். அந்த முனையில் ஹாரன் பிறகு ஒலிக்கவே இல்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். “அண்ணே, அந்த ஹாரன்...” என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“அத்த ஏன் கேக்குற சார். ஒன்ன நெனச்சி எத்தினி நாளு வயிறெரிஞ்சிகினு கெடந்தேன் தெரியுமா? அந்த வாரமே கோயிலுக்குப் போயி சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ட்டேன். ஒண்ணும் தெரியாத மன்சன் மேல பழி நெனச்சேன் சாமின்னு. ஜெபம் சொல்லச் சொன்னாரு, சொல்ட்டேன். இப்ப மன்சு லேசா கீது.” கலகலா பலகாரம் இருந்த தட்டை என் பக்கம் நகர்த்தினார். “சாப்டு.”

பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நான் சொன்ன பதில் அவருக்கு மறந்திருக்காது.

நான் சாப்பிட்டேன். லேசான மனதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொத்தானில் என் விரல் இல்லை என்று சொல்லிக்கொண்டதைப் போலவே அதுவும் வசதியாக இருந்தது.

பிறகு மாதவரம் பக்கம் குடிபெயர்ந்தோம். சாமான் ஏற்றும்போது, தழும்பு விழுந்த அந்தக் கையால்தான் அவர் பீரோவைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் இறந்துபோன செய்தி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. என் மனைவியிடமும் அவள் இருந்தவரை நான் இதைச் சொல்லவில்லை. இப்போதும் யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டால், ‘பரவாயில்லை’ என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அதை அன்று அவர்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார்.