சபையின் வசனம் மட்டும் தெரிந்தவள்

பேய் பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது என்னிடம் பேச வந்தால் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறவள் நான். அதனால் இதை நான் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாம். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினால் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், கடைசியில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்பேன்.

எழுதுகிற இவள்தான் அப்போது வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு பொள்ளாச்சியிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம். கோயமுத்தூரில் நாங்கள் குடியிருந்தது மில் லைன் வீடு. மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பாதிப் பேர் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டார்கள், பூட்டிய வீடுகள்தான் அதிகம். இவள் வந்த நாலாம் நாள் என் கழுத்தில் முத்து முத்தாக அம்மை. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நான் எப்படி இருப்பது? வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டுக்காரர் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் நானே அங்கே போய்ப் படுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரைத் தண்ணீர்க் குழாயைத் தாண்டி வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் குழாயடியில் நின்று, "அம்மணி, இருக்கறயா?" என்று சத்தம் போடுவார். "எங்க போறது, இருக்கறனுங்க" என்பேன். அதுதான் எங்கள் பேச்சு.

எதிர் வரிசை பழனியம்மாள்தான் கிட்ட வந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் பயமில்லை, என்றாலும் அவர்கள் முறைப்படி உள்ளே வரமாட்டாள். நிலையில் வேப்பிலை செருக வந்தபோது நான் வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க்கா, வேப்பமரம் என்ன எங்க சாமிக்கு எழுதிக்குடுத்ததா? ஆத்தா உங்க ஊடுன்னு தெரியாம வந்துபோட்டா. மரியாதையா அனுப்பி வெக்கலாமுங்க."

"உன்ற ஆத்தாளை நீயே கூட்டிட்டுப் போ கண்ணு. எனக்கு என்ற ஆண்டவர் இருக்காரு."

"இருக்கட்டுமுங்க. ரெண்டு பேருமாச் சேந்து பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே செருகிவிட்டுத்தான் போனாள்.

ஐந்தாம் நாள்தான் மோசம். தொண்டைக்குள்ளும் கொப்புளம், எச்சில் விழுங்க முடியவில்லை. கண் இமை ஒட்டிக்கொண்டது, கதவிடுக்கு வெளிச்சம் குத்தியது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மத்தியானமா சாயங்காலமா என்று சொல்ல மில் சங்கும் இல்லை. செத்துப்போவோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. சாவதுகூடப் பரவாயில்லை, யாரும் பக்கத்தில் இல்லாமல், பிறக்கிற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறோமே என்பதுதான் பொறுக்கவில்லை.

ஜெபிக்க வாய் வரவில்லை. வேதப்புத்தகத்துச் சங்கீதம் ஒன்றையாவது சொல்வோம் என்று ஆரம்பித்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் கோயிலில் சங்கீதத்தை மாறி மாறி வாசிப்பது வழக்கம், போதகர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து வராது. அது யாருக்கும் தெரியக்கூடாது என்று வேதப்புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில்தான் உட்காருவேன், சபையார் சொல்கிற வசனங்களைக் காதால் கேட்டே பாடம் பண்ணியிருந்தேன். போதகர் வாசிக்கும்போது கவனிக்க மாட்டேன். தப்பு வந்துவிடக் கூடாதே என்று எங்கள் அடுத்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது வருஷம் கோயிலுக்குப் போய் எனக்குத் தெரிந்தது பாதிச் சங்கீதம்தான்.

அன்றைக்குத்தான் அது உறைத்தது. என் வசனத்தைச் சொல்வேன், நிற்பேன், அடுத்தது தெரியாது. பல் போன வாய் மாதிரி நடுநடுவே ஓட்டை. ஆண்டவரே, உம்முடைய வார்த்தையைக்கூட நான் பெருமைக்குத்தானே பாதியாக வைத்திருந்தேன் என்று அழுதேன்.

அழுதுவிட்டு மறுபடியும் என் வசனத்தைச் சொல்லி நிறுத்தினேன். அடுத்த வசனத்தை யாரோ வாசித்தார்கள்.

நம்பினால் நம்புங்கள். பெண் குரல். இனிமையான குரல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எழுத்தின் மேல் விரல் வைத்து மெதுவாகப் படிக்கிற குரல். சுவருக்கு அந்தப் பக்கம், கடைசி வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். நான் எங்கள் வசனத்தைச் சொன்னேன், அது அடுத்ததைச் சொன்னது. எனக்கு மூச்சு வாங்கினால் காத்திருந்தது. மூன்று தடவை முழுச் சங்கீதத்தையும் சொல்லியிருப்போம். பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை குடிவந்திருக்கிறாள், இனி எனக்கென்ன என்று மனது லேசானது, அப்படியே தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது உடம்பு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கதவைத் திறந்தால் படியில் இரண்டு தம்ளர் மோர், தட்டுப் போட்டு மூடி. சாயங்காலம் பழனியம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"அம்மை போட்ட ஊட்டுக்குள்ள ஆரையும் சேத்தாதீங்கன்னு சொன்னேனுங்களா இல்லீங்களா? வந்தவங்களுக்குஞ் சேத்தி மோர் வெச்சுட்டுப் போறேன், உங்க ரெண்டு பேர் படிப்பு முடியற மாதிரியே இல்லீங்க."

"உள்ளுக்கு ஆரும் வல்ல கண்ணு. அது கடைசி ஊட்டுக்காரப் பிள்ளை."

"கடைசி ஊட்டுல ஆருங்க இருக்கறாங்க? பூட்டுத் துருப்புடிச்சுக் கெடக்குது."

என் வீட்டுக்காரர் அன்றைக்குக் குழாயைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். பூட்டின் மேல் சிலந்தி கூடு கட்டியிருந்ததாம். "காச்சல்ல சொன்னதும் நீதான், கேட்டதும் நீதான் அம்மணி" என்று சிரித்தார். பழனியம்மாளுக்கு எப்படிக் கேட்டது என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆண்டவர் ஆளனுப்பினார் என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

பேரன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பழனியம்மாள் ஒன்று சொன்னாள். எப்போதும் கதவை ஒரு சாண் தள்ளிச் சாமானை உள்ளே வைக்கிறவள் அன்றைக்கு ஏன் படியில் வைத்தாள் என்று.

"தள்ளிப் பாத்தேனுங்க, நகருல. அந்தம்மா கதவுல முதுகைச் சாச்சுட்டு உக்காந்துட்டு இருந்தாங்களாட்ட இருக்குது. எம்பட காதுக்குப் பக்கத்துலதானுங்க படிச்சாங்க."

கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடவே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் என்று நினைத்ததால்தான் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அந்தப் பயத்திலேயே உயிர் போயிருக்கும். அவ்வளவு நேரம் கேட்டும் அவள் வாசித்ததில் ஒரு வரிகூட எனக்கு மனதில் நிற்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது இப்போதும் என் வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு இடம் விடுவேன். அந்த நேரத்தில் மட்டும் கதவுப் பக்கம் திரும்ப மாட்டேன்.