ஒட்டிய பக்கம்

அந்தப் பெண்கள் பள்ளியில் அவரை நூலகர் என்று யாரும் அழைத்ததில்லை. பசை டீச்சர் என்றால்தான் தெரியும். அவர் டீச்சரே இல்லை என்பது வேறு விஷயம். பரிசோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில், முன்பு விளையாட்டுச் சாமான்களைப் போட்டுவைத்திருந்த அறைதான் நூலகம். பீரோக்களில் பாதிக்குப் பூட்டு வேலை செய்யாது, மீதிக்குச் சாவி கிடையாது. அரசாங்கம் புதுப் புத்தகம் அனுப்புவது அத்தி பூத்தாற்போல. அதனால் இருக்கிற புத்தகங்களின் உயிரைப் பிடித்துவைப்பதே அவர் வேலையாகிப்போனது. மின்சார அடுப்பில் மைதா மாவைக் காய்ச்சிப் பசை எடுப்பார். முதுகு கழன்ற புத்தகத்துக்குத் துணி ஒட்டி, மேலே செங்கல்லை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் வந்ததும் முதல் வேலை செங்கல்லைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

வாயும் சும்மா இருக்காது. பக்கத்தின் முனையை மடிக்கிற பெண்ணிடம், உன் காதை இப்படி மடித்தால் பொறுத்துக்கொள்வாயா என்பார். ஆனால் ஒரே ஒரு புத்தகம் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஒரு பெண் மருத்துவர், வளர்கிற பெண்பிள்ளைகளுக்காக எழுதிய உடல்நலப் புத்தகம் அது. அதை யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டார்கள். பீரோவுக்குப் பின்னால் நின்றபடியே படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வைத்துவிட்டுப் போவார்கள். யாராவது அந்தப் பக்கம் ஒதுங்கினால், இவர் துணியை எடுத்துக்கொண்டு எதிர்மூலையில் தூசி தட்டப் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் உருப்படியாகச் செய்த காரியம் இந்தத் தூசி தட்டல்தான் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒரு பெண் மட்டும் தைரியமாக அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவளுடைய அப்பா கம்பிக்கடைக்காரர், பெற்றோர் சங்கத்தின் தலைவர். புத்தகத்தை அவர் முழுதாகப் படிக்கவில்லை, கண்ணில் பட்ட ஒரு பக்கத்தைப் படித்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. உனக்குப் பிடிக்காதபடி யார் தொட்டாலும், அவர் உன் வீட்டு மனிதராகவே இருந்தாலும், வேண்டாம் என்று சொல், அது உன் தப்பில்லை, இன்னாரிடம் போய்ச் சொல் என்று எழுதியிருந்த பக்கம் அது. தலைமையாசிரியையின் அறையில் கூட்டம் போட்டார்கள்.

"வீட்டுப் பெரியவங்களையே சந்தேகப்படச் சொல்லுதே இந்தப் புக்கு. இதையெல்லாம் வச்சா குடும்பம் விளங்குமா?" என்றார் கம்பிக்கடைக்காரர்.

"சந்தேகப்படச் சொல்லலீங்க. தப்பு நடந்தா வெளிய சொல்லச் சொல்லுது. அவ்வளவுதான்" என்றார் பசை டீச்சர்.

அதற்கு ஏன் ஒரு பெரிய மனிதர் இத்தனை பதறவேண்டும் என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் நாக்கு எழவில்லை. ஓய்வுபெறக் காத்திருந்த தலைமையாசிரியை மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் வேண்டாமென்று வீட்டைவிட்டுப் போகிற பெண்ணின் கதை, கூலிக்காரர்களைச் சுட்ட சரித்திரம் என்று இன்னும் சில புத்தகங்களும் வரிசையில் சேர்ந்தன. எல்லாவற்றையும் கட்டி மேலதிகாரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகிற நேரம். அங்கே போன புத்தகம் கிடங்குக்குப் போகும், கிடங்குக்குப் போனது எலிக்குப் போகும் என்பது பசை டீச்சருக்குத் தெரியும்.

அப்போதுதான் அவருக்கு அந்த அதிபுத்திசாலித்தனம் உதித்தது. புத்தகத்தை ஏன் அனுப்பவேண்டும், ஆட்சேபணை உள்ள பக்கங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடலாமே என்றார். தலைமையாசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்பிக்கடைக்காரரும் ஜெயித்த முகத்தோடு எழுந்துபோனார்.

பசை டீச்சர் போட்ட கணக்கு வேறு. மைதாப் பசையை மோர் மாதிரி நீர்க்கக் காய்ச்சி, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்து ஒட்டினார். கெட்டிலின் ஆவியில் காட்டினால் சமர்த்தாகப் பிரிந்துவிடும், எழுத்துக்குச் சேதமில்லை. கொஞ்ச நாள் போனால் இந்தக் கூத்தெல்லாம் ஓயும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். ஊரையே ஏமாற்றிவிட்டதாக உள்ளூரக் குஷி வேறு. முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் சாமர்த்தியத்தைக் காட்டியவர்களெல்லாம் முதலில் இப்படித்தான் குஷியாக இருப்பார்கள்.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒட்டிய புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சுருக்கமில்லை, பிதுக்கமில்லை, எந்த பைண்டரிடம் கொடுத்தீர்கள் என்று தலைமையாசிரியையைக் கேட்டார். அங்கேதான் வினை. அந்த வேலையை இன்னொருவர் செய்ததாகச் சொல்வதை பசை டீச்சரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நானேதான் செய்தேன் என்று முன்னால் வந்தார். தாளின் இழை ஓடுகிற திசை பார்த்துப் பசை தடவவேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவவேண்டும், செங்கல்லுக்கு அடியில் பலகை வைக்கவேண்டும் என்று பாடமே நடத்தினார். எந்தப் புத்தகத்தின் வாயை அடைத்தோம் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவிலேயே இல்லை. வேலையைப் பாராட்டி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பசை என்ன பசைம்மா?"

மைதா என்றால் குட்டு உடைந்துபோகும். "நல்ல பசைதான் சார். கடையில கிடைக்கிறதுலயே கெட்டியானது. ஒட்டுனா ஒட்டுனதுதான்" என்றார்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. புத்தகங்களை அனுப்பவேண்டாம், இந்தப் பள்ளி காட்டிய வழியில் ஒட்டிவிடவும். தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசை, டப்பா டப்பாவாகப் போய் இறங்கியது. மற்றப் பள்ளி நூலகர்களைக் கூட்டிவைத்து இவரைச் செய்துகாட்டச் சொன்னார்கள். முன்வரிசையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மரப்பசை வேண்டாம், மைதாவைக் காய்ச்சுங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் தன் பள்ளிப் புத்தகங்கள் போய்விடும் என்று வார்த்தையை விழுங்கிக்கொண்டு, மரப்பசையைத் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்காட்டினார். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இவர் சாப்பிட உட்காரும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் வந்தாள். வேறொரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள். வந்ததும் டிவியைப் போடுகிற பெண், அன்று சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்த டாக்டரம்மா எழுதிய புத்தகம் அத்தையிடம் இருக்கிறதா என்று கேட்டாள். உங்கள் பள்ளியிலேயே இருக்குமே என்றார் இவர்.

"இருக்கு அத்தை. வேணுங்கிற பக்கத்தை ஒட்டி வச்சிருக்காங்க. நானும் என் ஃப்ரெண்டும் பிரிச்சுப் பார்த்தோம். கூழா வந்துருச்சு. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல."

"அந்தப் பக்கம் எதுக்கு உங்களுக்கு?"

"எனக்கில்ல. அவளுக்குத்தான். அவ வீட்டுல ஒருத்தர் சரியில்ல அத்தை. யார்கிட்ட சொல்றதுன்னு அதுல போட்டிருக்குன்னு ஒரு அக்கா சொன்னாங்களாம்."

இவர் அடுப்பை அணைத்தார். நாளைக்கே அவளை இங்கே கூட்டிவா, நான் சொல்கிறேன், நானே கூட வருகிறேன் என்றார்.

"அவ இப்ப ஸ்கூலுக்கே வர்றதில்ல அத்தை."

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சந்துக்குள் ஒரு வரிசை வீடு. கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண், அவர்கள் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றாள். திரும்பி வரும் வழியில் தம்பி மகள் கேட்டாள்:

"இதை யாரு அத்தை ஒட்டச் சொன்னது?"

"நான்தாண்டி" என்றார் அவர். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே நூலகத்தில் கெட்டில் கொதித்தது. கதவையும் சன்னலையும் விரியத் திறந்துவைத்து, பெண்கள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பக்கமாக ஆவியில் காட்டிப் பிரித்தார். தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் பண்றீங்க?"

"யாரையும் கேக்கல மேடம். ஒட்டலாம்னு அன்னைக்குச் சொன்னப்பவும் யாரையும் கேட்டுச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அன்று மத்தியானம் வரை பீரோவுக்குப் பின்னால் யாரும் ஒளியவில்லை. மேசையைச் சுற்றி நின்று, தலையோடு தலை முட்டப் படித்தார்கள். இவர் தூசி தட்டப் போகவில்லை. அந்த வாரமே அலுவலகத்திலிருந்து வண்டி வந்து அந்தப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது. எதைக் காப்பாற்றுவதற்காக அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதுவும் போயிற்று.

பின்னாலேயே மெமோ வந்தது. பக்கங்களைப் பிரித்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதினால் எந்தப் பக்கங்களை, எதற்காக ஒட்டினோம் என்பதையும் எழுதவேண்டிவருமே. தரமற்ற பசையைப் பயன்படுத்திவிட்டு, தரமான பசை என்று ஆய்வு அதிகாரிக்குத் தவறான தகவல் அளித்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். கணவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், மன்னிப்புக் கேட்டு எழுதிவிடு என்றார்.

பசை டீச்சர் உட்கார்ந்து பதில் எழுதினார். குற்றச்சாட்டு உண்மைதான். நல்ல பசை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி எல்லாப் பள்ளிகளிலும் ஒட்டிவிட்டார்கள். அதில் ஒரு பள்ளியில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கம் தேவைப்பட்டது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தாங்கள் விசாரித்துச் சொல்லவேண்டும். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் அதற்குப் பிறகு கொடுங்கள்.

அலுவலகத்துக்கு அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தர் உறையைப் பிரிக்காமலே முத்திரை குத்தி உள்ளே போட்டார். பதில் எப்போது வரும் என்று கேட்டார் இவர்.

"மெமோவுக்கு நீங்கதாம்மா பதில் தரணும். அதான் தந்துட்டீங்களே" என்றார் எழுத்தர்.